ஆண் குழந்தைக்கு எளிய பழைய பெயர்: ஆறுமுகமா, சண்முகமா, வேறொன்றா?

பொங்கோல் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு அண்மையில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறான். பிறப்பைப் பதிய 42 நாள் தவணை உண்டு என்றாலும், முப்பதாம் நாள் பூசைக்குள் பெயரை முடிவு செய்துவிட வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். 'ஷ்' என்றும் 'வ்' என்றும் முடிகிற, பொருள் என்னவென்று கேட்டால் கைப்பேசியைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பெயர் வேண்டாம் என்பதில் எனக்கும் கணவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எளிமையான, நம் வீடுகளில் முன்பே வழங்கிவந்த பெயராக இருக்க வேண்டும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மறைந்த என் மாமனாரின் பெயர் ஆறுமுகம். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இவன்தான் அவருடைய முதல் பேரன் என்பதால் அந்தப் பெயரையே வைக்க வேண்டும் என்று கணவர் சொல்கிறார். எனக்கும் அதில் மனத்தடை இல்லை. ஆனால் நாங்கள் இருவரும் வேலைக்குத் திரும்பியபின் பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் என் மாமியார். அவர் கணவரின் பெயரை வாழ்நாளில் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போதும் மகனைத்தான் சொல்லச் சொல்வார். மகன் அருகில் இல்லையென்றால் சுவரிலுள்ள முருகன் படத்தைக் காட்டிவிட்டு நிற்பார். அப்படிப்பட்டவர் நாளெல்லாம் பேரனை எப்படி அழைப்பார்? அவரிடம் கேட்டால், "உங்கள் இஷ்டம்" என்று மட்டும் சொல்கிறார். அது சம்மதமா இல்லையா என்பது எங்களுக்குப் புரியவில்லை.

என் பெற்றோரோ செழியன், பாரி போன்ற சங்ககாலப் பெயர்களை விரும்புகிறார்கள். குழந்தையின் நட்சத்திரம் திருவாதிரை. தாத்தாவின் பெயரை வைத்த வீடுகளில் பாட்டிமார் என்ன செய்தார்கள் என்பதையும், ஆறுமுகம் என்ற பெயர் சிங்கப்பூரில் வளரும் பிள்ளைக்குச் சுமையாகுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈசூன் தாத்தா எழுதியது:

வாழ்த்துகள் அம்மா. உங்கள் முதல் கேள்விக்கான விடையை நம் முன்னோர் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பத்திரத்தில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் என்பதே அந்த ஏற்பாடு. என் அண்ணனுக்கு எங்கள் தாத்தாவின் பெயர்தான், கோவிந்தசாமி. ஆனால் எங்கள் பாட்டி அவரைக் கடைசிவரை 'பெரியவரே' என்றுதான் கூப்பிட்டார். மூன்று வயதுப் பையனைப் 'பெரியவரே, சாப்பிட வாங்க' என்று அவர் அழைப்பதைக் கேட்டு அண்டைவீட்டார் சிரிப்பார்கள். என் தாயாருக்கும் அது மாமனார் பெயர் என்பதால், அடிக்கக் கை ஓங்கும்போதுகூட அந்தப் பெயரைச் சொல்லித் திட்ட மாட்டார். அந்தப் பாதுகாப்பை அண்ணன் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார் என்பது வேறு கதை.

இந்தக் கட்டுப்பாடு சில வீடுகளில் பெயரோடு நிற்பதில்லை. வெள்ளைச்சாமி என்பவரின் மனைவி எங்கள் வரிசையில் குடியிருந்தார். அவர் வெள்ளைச் சர்க்கரை என்று சொல்ல மாட்டார். கடைக்காரரிடம் 'சுண்ணாம்பு நிறத்துச் சர்க்கரை' என்று கேட்பார். ஆகவே 'ஆறுமுகம் வேண்டாம், முகத்தை விட்டுவிட்டு ஆறு என்று தொடங்கும் வேறு பெயரை வைக்கலாம்' என்பது போன்ற பாதி வழிகள் உங்கள் மாமியாருக்கு எந்த வகையிலும் உதவா.

இரண்டாவதாக, செழியனைப் பற்றி ஒரு சொல். நல்ல பெயர்தான். ஆனால் அதை 'நம் வீடுகளில் முன்பே வழங்கிவந்த பெயர்' என்று நினைத்து வைக்காதீர்கள். மறைமலை அடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டார். பெரியார் 1929இல் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்றார். இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1932இலும், கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு 1935இலும் தோன்றின. தமிழ்நாட்டில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அந்த அலையில்தான் இங்கும் இளங்கோக்களும் செழியன்களும் பெருகினார்கள். அதற்கு முன்னால் கப்பலேறி வந்தவர்களின் பெயர்கள் மாரிமுத்து, வீராசாமி, முனியாண்டி, ஆறுமுகம் என்பவைதாம். செழியன் என்பது விரும்பித் தேடி எடுத்த பெயர். ஆறுமுகம் என்பது வீட்டுக்குள் தானாக வந்து சேர்ந்த பெயர். இரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள்.

வகுப்பறை எழுதியது:

ஈசூன் ஐயாவின் கருத்தில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. செழியன் என்ற பெயர் நம் தாத்தாக்களிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் மரபு என்பது தாத்தாவோடு தொடங்குவதாக எடுத்துக்கொள்ள முடியாது. கீழடிப் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. எகிப்தின் செங்கடற்கரையில் குசைர் அல் காதிம் என்ற இடத்தில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்ற தமிழ்ப் பெயர்கள் காணப்படுகின்றன. நமக்கு இன்னும் அருகில், தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் கிடைத்த பொன் உரைக்கும் கல்லொன்றில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது. தன் உரைகல் காணாமல் போய்விடக் கூடாதென்று பெயர் பொறித்துக்கொண்ட தட்டார் ஒருவர், ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தீபகற்பத்தில் தொழில் செய்திருக்கிறார். இவையெல்லாம் அரசர்களுக்கு மட்டும் உரிய பெயர்கள் அல்ல. பானை வைத்திருந்தவரும் கல் வைத்திருந்தவரும் தாங்கிய, பெரும்பாலும் மூன்று நான்கு எழுத்தில் 'அன்' என்று முடிகிற எளிய பெயர்கள். எளிமைதான் அளவுகோல் என்றால் ஆதன் என்ற பெயருக்கு இணையில்லை.

ஆசிரியர் என்ற முறையில் வேறொன்றையும் சொல்ல விரும்புகிறேன். முதல் வகுப்பில் பிள்ளைகள் தங்கள் பெயரைத் தமிழில் எழுதக் கற்றுக்கொள்ளும் வாரத்தில், குமரனும் கவினும் ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். எண்சோதிடத்துக்காக ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக் கூட்டப்பட்ட பெயருடைய பிள்ளையோ, அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்கும். பெற்றோரைக் கேட்டால் தந்தை ஒரு விதமாகவும் தாய் வேறு விதமாகவும் எழுதித் தருவார்கள். தமிழெழுத்தில் ஒரே விதமாக எழுத முடிகிற பெயரை வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கட்டம் எழுதியது:

திருவாதிரையின் நான்கு பாதங்களுக்கும் கு, க, ங, ச என்பவை முதலெழுத்துகள். ஆறுமுகம் 'ஆ'வில் தொடங்குவதால் அது கார்த்திகைக்கே பொருந்தும். முருகன் பெயர்தான் வேண்டும் என்றால் குமரன், கந்தன், சண்முகம் ஆகியவை உங்களுக்கு அமையும். சாதகத்தைப் பார்த்து எந்தப் பாதம் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வகுப்பறை எழுதியது:

கட்டம் அவர்களுக்கு ஒரு கேள்வி. மூன்றாம் பாதத்தில் பிறந்த பிள்ளைக்கு 'ங'வில் தொடங்கும் பெயர் ஒன்றைச் சொல்லுங்கள் பார்க்கலாம். அத்தம் நட்சத்திரத்துக்குரிய எழுத்துகளிலும் 'ண', 'ட' என்று வருகின்றன. இவை தமிழில் சொல்லுக்கு முதலில் வாரா என்பதைத் தொல்காப்பியம் படித்தவர்கள் அறிவார்கள். வடமொழி எழுத்துவரிசைக்காக அமைந்த பட்டியலை இம்மியும் பிசகாமல் பின்பற்றுவதால்தான் வாயில் நுழையாத பெயர்கள் இத்தனை வந்து சேர்ந்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

கட்டம் எழுதியது:

'ங' வரும் பாதத்துக்கு அதே நட்சத்திரத்தின் வேறு பாதத்து எழுத்தை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். யாரும் குழந்தையை 'ங' என்று அழைப்பதில்லை. பட்டியல் ஒரு வழிகாட்டி மட்டுமே. விரும்பாதவர்கள் பூசையில் ராசிப் பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பதிவில் வேறு பெயரை வைக்கிறார்கள். அதற்கும் தடையில்லை.

தெம்பனிஸ் வாசி எழுதியது:

பழைய பெயர்களைப் பற்றி இங்கே அன்பாகப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் அத்தகைய பெயரோடு பள்ளிக்குச் சென்றிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். என் பெயர் முனியாண்டி. எங்கள் குலதெய்வத்தின் பெயர். சீன நண்பர்களும் மலாய் நண்பர்களும் இந்தப் பெயரைக் கேட்டு ஒருநாளும் சிரித்ததில்லை. அவர்களுக்கு எல்லாத் தமிழ்ப் பெயரும் ஒன்றுதான்; எப்படி உச்சரிப்பது என்று மட்டும் கேட்பார்கள். சிரித்தவர்கள் அனைவரும் தமிழர்கள். திரைப்படங்களில் வேலைக்காரருக்கும் கோமாளிக்கும் இந்தப் பெயரை வைத்து வைத்துப் பழக்கிவிட்டார்கள். அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும்: முனியாண்டி, மாடசாமி, கருப்பையா என்றால் எந்த ஊர், எந்தத் தெரு, எந்தச் சாதி என்று மனத்துக்குள் கணக்குப் போடுகிறவர்கள் இந்தத் தீவிலும் இருக்கிறார்கள்.

ஆறுமுகம் அந்த அளவுக்குத் தொல்லை தராது. எல்லாத் தரப்பினரிடமும் வழங்கிய பெயர் அது. ஆயினும் 'பழைய பெயர் எளிமையானது' என்று பொதுப்படச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சில பழைய பெயர்களை எளிமையாக இருக்க விடவில்லை நாம். என் மகனுக்கு நான் என் பெயரையோ என் தந்தை பெயரையோ வைக்கவில்லை. கதிர் என்று வைத்தேன். அதற்காக வருந்தவும் இல்லை.

ஈசூன் தாத்தா எழுதியது:

தம்பி முனியாண்டி, நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. மானம் கருதித்தான் அந்தத் தலைமுறையில் பலர் பெயரை மாற்றினார்கள் என்பதை என் முதல் பதிவில் நான் சொல்லியிருக்க வேண்டும். இளங்கோ என்ற பெயரைக் கேட்டால் சாதி தெரியாது. தமிழ்ப்பற்றுக்கு நிகராக அதுவும் ஒரு காரணம்.

கம்போங் கிளாம் எழுதியது:

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் ஷாகுல் ஹமீது, நாகூர் மீரான், நயினா முகம்மது ஆகியவை பாட்டன் காலத்துப் பெயர்கள். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவை எழுப்பிய தலைமுறையின் பெயர்கள். இவை எங்கள் பிள்ளைகளிடம் அருகிவருகின்றன. கேட்டால், பழைய பெயர் என்கிறார்கள். மரபுப் பெயர் என்றதும் கோயிலையும் சங்க இலக்கியத்தையும் மட்டும் நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். எங்கள் வீட்டிலும் பாட்டியார் பேரனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை; 'வாப்பா' என்றுதான் அழைப்பார்.

செங்காங் அப்பா எழுதியது:

அண்மையில் பதிவை முடித்தவன் என்ற முறையில் நடைமுறையைச் சொல்கிறேன். இப்போது பிறப்புப் பதிவு அரசாங்கத்தின் லைஃப்எஸ்ஜி செயலியில், சிங்பாஸ் என்னும் மின்னியல் அடையாளம் வழியாகவே நடக்கிறது. 2022 மே மாதத்திலிருந்து பிறப்புச் சான்றிதழும் மின்னியல் வடிவில்தான் கிடைக்கிறது. எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்ட எதிரில் ஓர் அலுவலர் இருக்கமாட்டார் என்பதால், ஆங்கில எழுத்துக்கூட்டலை முன்கூட்டியே தாளில் எழுதி, குடும்பத்தில் இருவரையாவது வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பின்னால் மாற்ற வேண்டுமென்றால் வழக்கறிஞரிடம் டீட் போல் என்னும் பெயர்மாற்றப் பத்திரம் எழுத வேண்டியிருக்கும்.

பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையில் 'இன்னாரின் மகன்' என்று பொருள்படும் 'எஸ்/ஓ' போடுவது கட்டாயமில்லை. நாங்கள் போடவில்லை. அந்தச் சாய்கோட்டைப் பல இணையப் படிவங்கள் ஏற்பதில்லை. விமானச் சீட்டு எடுக்கும்போது முதற்பெயர், குடும்பப்பெயர் என்று தனித்தனியாகக் கேட்பதால் ஏற்படும் குழப்பம் எப்படியும் இருக்கும். நம் கடவுச்சீட்டில் பெயர் ஒரே வரியாகத்தான் உள்ளது. 'எஸ்/ஓ' இருந்தால் குழப்பம் கூடும், அவ்வளவுதான். ஆனால் எஸ்/ஓ இல்லாமல் இரண்டு பெயர்களை அடுத்தடுத்து எழுதினால், எது பிள்ளையின் பெயர், எது தந்தையின் பெயர் என்று சிலர் மாற்றிப் புரிந்துகொள்வார்கள். என் மகனின் மருத்துவச் சந்திப்புக்கு என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

பெற்றோர் விரும்பும் பாரி பற்றி: வள்ளலின் பெயர்தான், ஆனால் மலாய்மொழியில் 'ஈக்கான் பாரி' என்றால் திருக்கை மீன். உணவங்காடியில் சம்பல் தடவிச் சுட்டுத் தருவார்களே, அதுதான். பள்ளியில் ஓராண்டுக்குக் கிண்டல் செய்வார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். என் அக்காள் மகன் பாரிதான், நன்றாகவே இருக்கிறான்.

பொங்கோல் தாய் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சண்முகம் என்ற பெயரைக் கட்டம் அவர்கள் சொன்னதும் வீட்டில் பேசினோம். ஆறுமுகம் என்பதும் சண்முகம் என்பதும் ஒரே பொருள்தானே, அப்பாவின் பெயரும் நிலைக்கும், அத்தையும் கூச்சமில்லாமல் அழைக்கலாம், எழுத்தும் பொருந்துகிறது என்று நான் சொன்னேன். என் கணவருக்கு அது மனத்தில் ஒட்டவில்லை. "அப்பாவை யாராவது சண்முகம் என்று கூப்பிட்டிருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்" என்கிறார். என் தந்தையோ, தமிழில் ஆறுமுகம் இருக்கும்போது வடமொழிச் சண்முகம் எதற்கு என்கிறார். மாமனாரும் மருமகனும் முதல்முறையாக ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

வகுப்பறை எழுதியது:

வடமொழி என்ற காரணத்துக்காகச் சண்முகத்தைத் தள்ளிவிட வேண்டாம் என்பேன். தமிழர் வாயில் தேய்ந்து தேய்ந்து அது நம் பெயராகிவிட்டது. 'ஷ'வை விட்டுவிட்டுச் 'ச' என்றுதானே எழுதுகிறோம்? நம் அமைச்சர் ஒருவரும் அந்தப் பெயரைத் தாங்கியிருப்பதால் இந்நாட்டில் யாருக்கும் அதை உச்சரித்துக் காட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் உங்கள் கணவர் சொல்லும் காரணம் வேறு வகையானது. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. தாத்தாவின் பெயரை வைப்பது அவருடைய பெயர் என்பதற்காகத்தானே தவிர, அதன் பொருளுக்காக அன்று.

யாழ் வழி எழுதியது:

எங்கள் பக்கத்தில் ஆறுமுகம் என்றாலே நல்லூர் ஆறுமுக நாவலர் நினைவுக்கு வருவார். படித்தவர் வீட்டுப் பெயராகத்தான் அதைக் கேட்டு வளர்ந்தேன். எளிமையைப் பற்றி ஒன்று: எந்தப் பெயரை வைத்தாலும் சிங்கப்பூர் அதைச் சுருக்கிவிடும். செல்லப்பன் இராமநாதன் என்ற முழுப்பெயரோடு அதிபராக இருந்தவரை நாடே எஸ். ஆர். நாதன் என்றுதான் அறிந்திருந்தது. சண்முகம் வைத்தால் நண்பர்கள் 'ஷான்' என்பார்கள். நீங்கள் தவிர்க்க நினைத்த 'ஷ' பின்வாசல் வழியாக வந்துவிடும். ஆறுமுகம் 'ஆறு' ஆகும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

தெம்பனிஸ் வாசி எழுதியது:

பாட்டியின் 'உங்கள் இஷ்டம்' பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே. அவரைப் போன்றவர்கள் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'ஆறுமுகம் என்று வைத்தால் நீங்கள் அவனை என்னவென்று அழைப்பீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு செல்லப்பெயரைச் சட்டென்று சொன்னால் அவருக்கு விருப்பம் என்று பொருள். பதில் வரவில்லையென்றால் வேறு பெயர் பாருங்கள்.

பொங்கோல் தாய் எழுதியது:

தெம்பனிஸ் வாசி அவர்களுக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். அப்படியே கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள், "நான்தான் வந்த நாளிலிருந்து அவனைத் துரை என்று கூப்பிடுகிறேனே, உனக்குக் காதில் விழவில்லையா?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு, கார்த்திகையில் பிறக்காத பிள்ளைக்கு இந்தப் பெயர் வைக்கலாமா என்று கோயிலில் ஏற்கெனவே கேட்டுவிட்டதாகவும், முருகன் பெயருக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை என்று குருக்கள் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். எங்களிடம் வாயைத் திறக்காமல் அவர் தம் பங்குக்கு எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருக்கிறார்.

எனவே ஆறுமுகம் என்றே முடிவு செய்துவிட்டோம். செழியன் அடுத்த பிள்ளைக்கு என்று என் தந்தையிடம் கூறியிருக்கிறேன், அவர் நம்பவில்லை. எஸ்/ஓ போடப்போவதில்லை. கடைசியாக ஒரு கேள்வி: ஆங்கிலத்தில் முதலில் ஒரு 'ஏ' போதுமா, 'ஆ' என்று நீட்டி ஒலிக்க இரண்டு 'ஏ' போட வேண்டுமா? நாத்தனார் இரண்டு போடச் சொல்கிறார்.

செங்காங் அப்பா எழுதியது:

ஒன்று போதும். மாமனாரின் அடையாள அட்டையில் எப்படி இருந்ததோ அப்படியே எழுதுங்கள். இரண்டு 'ஏ' போட்டால் வகுப்புப் பட்டியலில் முதல் ஆளாக நிற்பான், எதற்கும் முதலில் அவனைத்தான் எழுப்புவார்கள். என் மூத்த மகன் தினமும் அதைத்தான் முறையிடுகிறான்.

வகுப்பறை எழுதியது:

ஒரு 'ஏ' போட்டாலும் அவன்தான் முதலில் நிற்பான். பழகிக்கொள்ளட்டும்.